புதன்கிழமைக் கட்டம்

குடும்ப நீதிமன்றத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே கேள்விகள். பிள்ளை யாரிடம் இருக்கும்? பணம் கொடுக்காத ஆளுக்குப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா? எத்தனை வயதில் பிள்ளையே முடிவு சொல்லலாம்? வேலை போய்விட்டால் பராமரிப்புத் தொகையை நிறுத்திவிடலாமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன். பணம் வேறு, பார்ப்பது வேறு, ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுத்த முடியாது. பிள்ளை சொல்வதை நீதிபதி கேட்பார், ஆனால் முடிவை அதன் தலையில் கட்டமாட்டார். வேலை போனால் மனுப் போடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வேன். சிலரிடம் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று பக்கத்து ஜன்னலில் இருக்கும் பெண் சொல்வாள். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்து நின்றார். சட்டைக் காலரில் மாவு. நான்காம் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டார். நான்காம் பக்கம்தான் எல்லாரையும் தடுக்கி விழவைக்கும் பக்கம். ஏழு கட்டம், ஏழு நாள், ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை அன்றைக்கு யாரோடு என்று எழுத வேண்டும். நான் வழக்கம்போல் கண்ணாடியைத் தட்டி, அதில் ஒட்டியிருந்த மாதிரிப் படிவத்தைக் காட்டினேன்.

அந்த மாதிரிப் படிவம் என் கைவேலை. என் ஜன்னலுக்கு நேரே வெயில் விழும். மை ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதி ஒட்டுவேன். எட்டு வருடமாக எழுதுகிறேன், எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் தொங்கிய அச்சடித்த மாதிரியில் திங்கள் முதல் வெள்ளி வரை அம்மா, சனி ஞாயிறு அப்பா என்று இருந்தது. வருகிறவர்கள் யோசிக்காமல் அதையே அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நான் எழுதியபோது வேண்டுமென்றே மாற்றிவிட்டேன். பள்ளி நாள் ஐந்தும் அப்பா, சனி ஞாயிறு அம்மா, பராமரிப்புத் தொகை கொடுப்பவர் அம்மா. பார்க்கிறவன் திடுக்கிட்டு ஒரு நிமிடம் யோசிக்கட்டும் என்று.

பேக்கரிக்காரர் திடுக்கிட்டார். "ஸ்கூல் நாளெல்லாம் அப்பாகிட்டன்னு போட்டிருக்கே மேடம். அப்படிக்கூடக் கேக்கலாமா?" என்றார்.

அதற்காகத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறேன், சில பேர் கையை மட்டும் அனுப்பிவிட்டு மூளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பெருமையாக ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் என் வாய் நின்றுவிட்டது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு என் சொந்த வழக்கு. நானும் என் கணவரும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனு. அதன் நான்காம் பக்கத்தை நான் எப்போது நிரப்பினேன்? மூன்று வாரத்துக்கு முன்னால், உணவு இடைவேளையில், மாதிரிப் படிவத்தைப் புதிதாக எழுதி முடித்த கையோடு.

பேக்கரிக்காரரை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து என் நகலை எடுத்தேன். திங்கள், அப்பா. செவ்வாய், அப்பா. புதன், வியாழன், வெள்ளி, அப்பா, அப்பா, அப்பா. அழகான கையெழுத்து. கீழே இரண்டு பேரின் கையெழுத்தும் இருந்தது. பராமரிப்புத் தொகை வரியில் நான் அவருக்கு மாதாமாதம் கொடுப்பதாக நானே எழுதியிருந்தேன்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம், பெயருக்கு ஏற்ற ஆள்தான். நானும் அவரும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அடிதடி இல்லை, வேறு ஆள் இல்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போய்விட்டது. அவ்வளவுதான். வாலு என்னோடு இருக்கிறாள், சனி ஞாயிறு அவரிடம் போகிறாள். இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று போனில் பேசி முடித்துக்கொண்டு மனுப் போட்டோம். அந்த நாலு வார்த்தையைத்தான் நான் இப்படி எழுதி வைத்திருந்தேன்.

பக்கத்து ஜன்னல் பெண்ணை எல்லாரும் ரெண்டாம் நம்பர் என்பார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவளைப் பழக்கியது நான்தான். அவளிடம் காகிதத்தை நீட்டினேன். அவள் வாயைப் பிளக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. ஒரு மாதிரி தரையைப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்க நேரமில்லை. திருத்தச் சீட்டு ஒன்றைக் கிழித்து என் கையில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும் அக்கா. கூப்பிடுறதுக்கு முன்னாடி குடுத்துடணும்" என்றாள்.

எனக்கே சட்டம் சொன்னாள். கொடுக்காவிட்டால் நீதிபதி எழுதியிருப்பதை அப்படியே உத்தரவாகப் போடுவார். பிறகு மாற்ற வேண்டுமானால் புது மனு, புதுக் காரணம், குறைந்தது ஆறு மாதம். நான் மட்டும் எழுந்து நின்று இது தப்பு என்று சொன்னால், ஒத்துப்போன மனு ஒத்துப்போகாத மனு ஆகிவிடும். எங்கள் வழக்குக் கட்டு, இரண்டு தரப்பும் மோதிக்கொள்கிற வழக்குகளின் அலமாரிக்குப் போய்விடும். அந்த அலமாரிக்குள் தவழ்கிற வயதில் போன குழந்தைகள் மீசையோடு வந்து என்னிடம் நகல் கேட்டிருக்கிறார்கள்.

ஆக, பதினோரு மணிக்குள் அவர் கையெழுத்து வேண்டும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும்போது போன் பையில் கிடக்கும். அவருடைய அலுவலகத்துக்கு அடித்தேன். காலையில் அவசர வேலை வந்தது, ஏழு மாடிக் கட்டடம், முழுக்கப் பல் டாக்டர்கள், ஐந்தாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு நோயாளி இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். ரெண்டாம் நம்பர் என் வரிசையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் செருப்புத் தேயத் தேய ஓடினேன்.

டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் அவர் கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றார். பின்னால் பதினோரு பேர். நான் படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, யாருக்கோ சொல்வதுபோல் படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னேன். அவர் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்து "நிஜமாவா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நிஜமில்லாமல் விளையாட்டுக்கா எழுதுவார்கள், போடுங்கள், பின்னால் ஆள் நிற்கிறது என்றேன். அவர் பேனாவை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்துப் போட்டார். பாவம், பிரிவதற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போது புரிந்தது. பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வாரம் ஒரு சாடைகூடக் காட்டவில்லை. ஊமைக் கள்ளன் என்று மனதுக்குள் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துக்கொண்டே போனேன்.

டாக்சிக்காரர் என் கழுத்தில் தொங்கிய நீதிமன்ற அட்டையைப் பார்த்துவிட்டார். விடுவாரா? தன் மச்சான் சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கொண்டுவந்து விட்டானாம், தங்கை இனி அனுப்பமாட்டேன் என்கிறாளாம், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார். தாமதம் என்று எழுதி வையுங்கள், நீங்களாகத் தண்டனை கொடுக்காதீர்கள், பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும் என்று ஒப்பித்தேன். பதினோரு வருடமாக ஒப்பிக்கிற வாக்கியம். சில்லறை வாங்காமல் இறங்கி ஓடினேன்.

லிஃப்ட் ஓடவில்லை. அதை ஓடவைக்கத்தானே அவர் மேலே இருக்கிறார். ஏழு மாடியும் படி. மாடிக்கு ஒரு பல் டாக்டர், ஒவ்வொரு மாடியிலும் குடைகிற சத்தம். நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது, ஐந்தாவதில் சக்கர நாற்காலிக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி எனக்கு வழிவிட்டார், ஏழாவதில் என் கோபம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதற்கும் மேலே இரும்பு ஏணி. ஏணி ஏறி மோட்டார் ரூம் கதவைத் தள்ளினேன்.

அவர் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். சுவரில் ஒரு ஆணியில் தேய்த்த வெள்ளைச் சட்டை, மேலே பாலிதீன் உறை போட்டுத் தொங்கியது. கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"நீயே வந்துட்டியா? பத்தரைக்குக் கிளம்பிடுவேன், பயப்படாத. நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தேங்க்ஸ்" என்றார்.

சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கோ போய்விட்டது. எதற்குத் தேங்க்ஸ் என்று நான் கேட்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கை மொத்தத்திலும் அவர் அவ்வளவு பேசியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் இரண்டு அறை வீடு பார்த்துக் குடிபோய்விட்டாராம். விடியற்காலை அவசர வேலைக்கு இனி வரமுடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். மேஜை ஒன்று வாங்கி, வாலு உயரத்துக்குக் காலை அறுத்து, ஜன்னலோரம் போட்டிருக்கிறாராம். நீ இப்படி எழுதிக் கொடுப்பாய் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை, இரண்டு வருடமாகக் கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன், நீ எங்கே சண்டைக்கு வருவாயோ என்று கேட்கவில்லை என்றார். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு கத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். லிஃப்ட் பழுது பார்த்ததை எழுதும் வேலை அட்டைகள். பின்பக்கம் முழுக்க அவருடைய கோணல் எழுத்து.

எல்லாம் கேள்விகள். பள்ளியில் காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் போன் செய்வார்கள்? மதிப்பெண் அட்டையில் அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? சுற்றுலாவுக்கு அனுப்ப அம்மாவும் சம்மதிக்க வேண்டுமா? பராமரிப்புத் தொகையை வேண்டாம் என்று சொல்லலாமா? ஒவ்வொன்றுக்கும் கீழே பச்சை மையில் பதில். கடைசிக் கேள்விக்குப் பதில், அது உங்கள் பணம் இல்லை, பிள்ளையின் உரிமை, நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பச்சை மை யாருடையது என்று எனக்குத் தெரியும். போன வாரம் நான் விடுப்பில் இருந்த மூன்று நாளும் அவர் இரண்டாம் ஜன்னலில் போய் நின்றிருக்கிறார். ரெண்டாம் நம்பர் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு தரப்பு கேட்டதை இன்னொரு தரப்பிடம் சொல்லக்கூடாது என்பது ஜன்னல் விதி. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

அடுத்த அட்டையைப் புரட்டினேன். அவள் வயிற்றுவலி என்று பொய் சொன்னால் பள்ளிக்கு அனுப்பலாமா? அவள் இராத்திரி அம்மாவைத் தேடினால் என்ன சொல்வது? இவற்றுக்குக் கீழே ரெண்டாம் நம்பர் பதில் எழுதவில்லை, ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தாள். எனக்குக் கண் எரிந்தது. கிரீஸ் புகை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அங்கே புகை ஒன்றும் இல்லை.

மணி பத்து இருபது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அது தப்பா எழுதினது. மாதிரிய எழுதி எழுதி, கை தானா எழுதிடுச்சு. நான் படிச்சுப் பாக்கல" என்றேன்.

அவர் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நகக்கண்ணெல்லாம் துடைத்தார். பிறகு "எங்க போடணும்?" என்றார்.

திருத்தச் சீட்டில் நான் இன்னும் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை, வெறும் சீட்டு. காட்டினேன். போட்டார். ஏன் என்று கேட்கவில்லை, முடியாது என்று சொல்லவில்லை, மூன்று வாரம் சும்மா இருந்தாயே என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஓடி வந்தது இதற்குத்தான், கிடைத்துவிட்டது, ஆனால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருடிபோல் நின்றேன்.

அவர் சட்டை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு சுவிட்சைத் தட்டினார். சக்கரம் உயிர் வந்து சுற்றியது. லிஃப்ட் சரியாகிவிட்டது, ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டால் ஐந்தாவது மாடிக்காரரை அனுப்பலாம், வா, அதிலேயே போய்விடலாம் என்றார். ஏணி இறங்கி உள்ளே போனோம். கதவு மூடியது. அவர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு, ஐந்து, நாலு. எங்கள் கல்யாணம் எப்படி முடிந்தது என்று யாராவது கேட்டால் இந்த லிஃப்டைக் காட்டினால் போதும், இரண்டு பேர், ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினேன். லிஃப்ட் குலுங்கி, நாலுக்கும் மூணுக்கும் நடுவில் நின்றது.

அவர் பதறிப்போனார். "என்ன பண்ற?"

"இருங்க. எனக்கு உங்ககூடச் சண்டை போடணும்."

"இப்பவா? ரெண்டு வருஷம் கழிச்சா?"

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே சண்டை போட்டோம், என்ன சொல்ல. நான் சீட்டை லிஃப்ட் கண்ணாடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். திங்கள் என்று ஆரம்பித்தேன். திங்கட்கிழமை என் ஜன்னல் எட்டு மணிக்கே திறந்துவிடும், வாலுவை ஆறரைக்கு எழுப்பி அடுத்த வீட்டில் தள்ளிவிட்டு ஓடுவேன், அவள் அங்கே தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். எடுத்துக்கங்க என்றேன். அப்பா என்று எழுதினேன், இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு. செவ்வாய் நீச்சல் வகுப்பு, அவருடைய புது வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அதுவும் அவருக்கு. வியாழன் என்றதும் அவர் முந்திக்கொண்டார். அன்றைக்கு ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் மாதச் சோதனை, இரவாகிவிடும், உன்னோடு என்றார். வெள்ளி நான் விடமாட்டேன் என்றேன். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகத் துணி எடுத்து வைப்பதிலிருந்து எல்லாக் கூத்தும் வெள்ளிக்கிழமை மாலைதான். சனி ஞாயிறு வாரம் மாற்றி வாரம். தொகையை நாள் கணக்குப்படி நீதிபதியே போடட்டும் என்று இரண்டே நொடியில் முடித்தோம். சந்தையில் பேரம் பேசுவதுபோல் ஒருவர் வாயை ஒருவர் அடைத்தோம். அவளுக்குப் பால் வாடை ஆகாது என்று அவருக்குத் தெரியவில்லை. கணக்கு டீச்சரைக் கண்டால் அவளுக்கு நடுக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது. இப்படி ஒருநாள் உட்கார்ந்து பேசியிருந்தால் என்று நினைத்தேன், அதை அப்போதே உதறிவிட்டேன், அதற்கெல்லாம் நேரம் இல்லை.

ஒரு கட்டம் பாக்கி. புதன்.

புதன்கிழமை பள்ளி அரை நாள், பன்னிரண்டரைக்கு விடும். என் ஜன்னலும் பன்னிரண்டுக்கு மூடிவிடும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் வாசலில் நின்று அவளைக் கூட்டிவருவேன். அது என் நாள், பேச்சே இல்லை என்றேன். அவர் தனக்கும் அன்றைக்குத்தான் மதியத்துக்கு மேல் வேலை இல்லை என்றார். நான் அம்மா என்றேன். அவர் நான் அப்பா இல்லையா என்றார். மூணாவது மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார்களா என்று ஒரு பல் டாக்டர் கத்தினார். ஆமாம் என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டு, மறுபடி சண்டையைத் தொடர்ந்தோம்.

கடைசியில் அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "புதன்கிழமை ரெண்டு மணிக்கு அவ எனக்குப் போன் பண்ணுவா. வாராவாரம். மேஜைக்கு அடியில உக்காந்துகிட்டு. அம்மா யாரோட பிள்ளைங்களைப் பத்தியோ பேசிட்டிருக்கான்னு சொல்லுவா."

எனக்குச் சுரீர் என்றது. உண்மைதான். புதன்கிழமை மதியம் நான் வீட்டில் இருப்பேன் என்று ஊருக்கே தெரியும். சித்தி மகளின் தோழி, தோழியின் அண்ணன், முகம் தெரியாதவர்கள், எல்லாரும் அன்றைக்குத்தான் போன் போட்டுக் கேட்பார்கள். பிள்ளை யாரிடம் இருக்கும், பணம் கொடுக்காவிட்டால் என்ன செய்வது. நானும் மணிக்கணக்கில் சொல்வேன். ஆனால் அதை இந்த மனுஷன் சொல்லிக்காட்டுவதா? புதன்கிழமையைத் தரமுடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பொத்தானை விடுவித்தார். மணி பத்து நாற்பது.

அவருடைய வேலை வண்டியில் பறந்தோம். சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் சட்டை மாற்றினார், பித்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டார், நான் சொல்லி மறுபடி போட்டார். நீதிமன்றப் படியில் ரெண்டாம் நம்பர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். முந்தின வழக்கு நடக்கிறது, ஓடுங்கள் என்றாள். வாசலில் வைத்து நானும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கிளார்க்கிடம் நீட்டினேன். அடுத்த நிமிடம் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அம்மாவுக்கு என்னைப் பதினோரு வருடமாகத் தெரியும். ஆனால் அந்த அறையில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அதுதான் முறை. மனுவைப் படித்தார், சீட்டைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஆறு கட்டம் நிரப்பியிருக்கீங்க. புதன்கிழமை காலியா இருக்கு. அதை நீங்க ரெண்டு பேரும் சொல்லணும், நான் எழுத முடியாது. ஒத்து வரலைன்னா இன்னொரு தேதி போடுறேன்" என்றார்.

இன்னொரு தேதி என்றால் மூன்று மாதம். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவர் மறுத்துப் பேசமாட்டார் என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது. மோட்டார் ரூமில் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தான். அம்மாவோடு என்று ஒரு வார்த்தை, என் புதன்கிழமை என்னிடமே இருந்துவிடும். இனிமேல் போனை அணைத்து வைத்துவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொள்ளலாம். ஆனால் இனிமேல் என்று ஆரம்பிக்கிற சத்தியங்களை என் ஜன்னலில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். நாலு மாதத்தில் அதே ஆட்கள் வேறு படிவம் கேட்டு வருவார்கள். மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசுகிற என் மகளை நினைத்தேன். அதே அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் குரல் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்பாவோட" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார். நீதிபதி அம்மா ஒரு நொடி பேனாவைத் தூக்கியபடியே இருந்தார். "யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். அன்னிக்கு அவ அவரைத்தான் தேடுறா."

எழுதினார். பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. உத்தரவு அன்றைய தேதியிலிருந்து என்று வாசித்தார்கள். பத்து வருடக் கல்யாணம் நாலு வரியில் முடிந்தது. நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, ஏழு மாடி ஏறியவளுக்கு வாங்குவதுபோல். உத்தரவு நகலுக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்று நான் கேட்டேன். அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து.

"இன்னிக்கேவா?" என்றார்.

"உத்தரவு போட்ட நாள்லேருந்துன்னு வாசிச்சாங்களே. பன்னிரண்டரைக்கு விட்டுடுவாங்க."

அவர் ஓடினார். ஒரு வக்கீலை இடித்து, மன்னிப்புக் கேட்டு, படியை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த வாசலில் நிற்கிற அரை மணி நேரம் என்னுடையது, இனி இல்லை, நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் எப்போதும் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துதான் அவளைக் கூட்டிப்போவார், பள்ளி வாசலில் நின்றதே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. கைப்பிடிச் சுவரில் எட்டிக் கத்தினேன்.

"பின் கேட்ல நில்லுங்க. அவ அந்த வழியாத்தான் வருவா. முன்னாடி நின்னா தெரியாது."

அவர் வண்டிக்கதவைத் திறந்தபடி நிமிர்ந்து பார்த்து, சரி என்று கையைத் தூக்கினார். வண்டி திரும்பித் தெருவில் கலக்கும்வரை நான் அங்கேயே நின்று, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.